சவ்வுக்கு இந்தப் பக்கம்

மதியம் சென்னியப்பன் போன் செய்து சாப்ட்டயா என்று கேட்டதில்தான் பூங்கோதைக்குச் சந்தேகம் கெட்டிப்பட்டது. லேத் பட்டறை வைத்திருக்கிற மனிதர். இரும்பு கடைகிற சத்தத்தில் போன் அடிப்பதே அவருக்குக் கேட்காது. கேட்டாலும் எடுக்க மாட்டார். எடுத்தாலும் 'என்ன' என்பதோடு சரி. அப்பேர்ப்பட்டவர் தானாகவே போன் போட்டு, சாப்ட்டயா அம்மணி, என்ன கொண்டுபோன, நேரத்துக்குச் சாப்பிடோணும் என்று அடுக்கினால் கட்டிய பெண்டாட்டி என்ன நினைப்பாள்? கல்யாணமான புதிதில்கூட இந்தக் கரிசனம் கிடையாது. சாப்ட்டனுங்க என்று சொல்லிவிட்டாள். சாப்பிடவில்லை. டிபன் டப்பா பைக்குள்ளேயே இருந்தது. மைக்ராஸ்கோப் அறையின் இருட்டில், ஏசிக் குளிரில், இடது பக்கத் தையல் சுருக்கென்று இழுத்தது. ஜாக்கெட்டுக்குள் கட்டுத்துணி ஒட்டிக்கொண்டிருப்பது மூச்சு விடும்போதெல்லாம் தெரிந்தது. போன வாரம் அந்த மார்பிலிருந்து ஒரு கட்டியை வெட்டி எடுத்திருந்தார்கள். அது இப்போது இதே ஆஸ்பத்திரியில், முற்றத்துக்கு அந்தப் பக்கம், பேத்தாலஜியில் ரெஜினாவிடம் இருந்தது. மெழுகில் புதைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடியில் ஒட்டியிருப்பாள். பார்த்தும் இருப்பாள். பார்த்திருக்க வேண்டும். நேற்றே பார்த்திருக்க வேண்டும். நேற்றுக் கேட்டதற்கு, 'ரெண்டு நாள் ஆகும்க்கா, இன்னும் ஒரு சாயம் போட்டுப் பாக்கணும்' என்றாள் ரெஜினா. சந்தேகம் வந்தால்தான் இன்னொரு சாயம் போடுவார்கள் என்று தெரியாதவளிடம் சொல்ல வேண்டிய சமாதானம் அது. இருபது வருஷமாகப் புற்றுச்செல்கள் எப்படி வேலி தாண்டுகின்றன என்று பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவளிடம் சொல்லலாமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள், அதுவும் சமையல்காரியிடமே.

திரையில் செல்கள் பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தன. எந்த ஊரிலோ எப்போதோ செத்துப்போன ஒரு பெண்ணின் மார்பிலிருந்து எடுத்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்துவரும் செல்கள். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், இதுகள் இன்னும் போகவில்லை. பூங்கோதை அவற்றைக் 'கழுதைகளா' என்றுதான் கூப்பிடுவாள். ஒரு மெல்லிய சவ்வின் மேல் அவற்றைக் குடியேற்றி, கீழே சத்துநீரை வைத்து, எது முதலில் சவ்வைக் குடைந்துகொண்டு இறங்குகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. மார்பில் பால் வரும் குழாய்களைச் சுற்றி இதே போன்ற சவ்வு உண்டு. செல்கள் குழாய்க்குள் எவ்வளவு கூத்தடித்தாலும், சவ்வுக்கு அந்தப் பக்கம் போகாதவரை வெட்டி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஒரே ஒரு செல் தாண்டிவிட்டால் கதை வேறு. தாண்டியது ரத்தத்துக்குப் போகும், எலும்புக்குப் போகும், மூளைக்குப் போகும், எங்கே போனது என்று சொல்லாமலே போகும். ஆக அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தாண்டியதா, இல்லையா. இதற்கு ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் ரெஜினா காலையில் அரிசிம்பருப்பு சாதம் கொண்டுவந்திருக்கேன்க்கா, கொஞ்சம் தரட்டுமா என்றாள். ரெஜினா ஒருநாளும் சோறு பகிர்கிறவள் அல்ல. ஊறுகாயைக்கூட மூடி வைத்துச் சாப்பிடுகிறவள். திரையின் ஓரத்தில் ஒரு கழுதை சவ்வைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்டது, பின்வாங்கியது, மறுபடி தொட்டது, சூடான பாலைப் பூனை நக்கிப் பார்ப்பது போல. பூங்கோதை தன்னையறியாமல் பந்தயம் கட்டினாள்: இது தாண்டாவிட்டால் என்னுடையதும் தாண்டவில்லை. கட்டிய மறுகணமே வெட்கமாக இருந்தது. விஞ்ஞானியாம். கிளி ஜோசியக்காரனிடம் உட்கார்ந்திருக்கலாம், அவனாவது முருகன் படம் காட்டியிருப்பான். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. போகாதே கண்ணு, போகாதே, அங்கேயே இரு. இத்தனை வருஷமும் தாண்டு தாண்டு என்று தாண்டுகிற செல்லுக்காகத்தான் காத்துக் கிடந்தாள். தாண்டினால்தான் ஆராய்ச்சி. வேகமாகத் தாண்டியதைப் பார்த்து, கெட்டிக்காரி என்று வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறாள்.

ஒரு செல்லும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. அதுதான் விஷயம். சைகையில்தான் எல்லாம் நடக்கிறது. முதலில் பக்கத்துச் செல்லோடு கோத்திருக்கிற கையை விடும். காடெரின் என்று அந்தக் கைக்குப் பெயர். ஒரேயடியாக உதறாது, மேல்பூச்சில் ஒன்றிரண்டாகக் குறைத்துக்கொண்டே வரும், பக்கத்துச் செல்லுக்கே தெரியாது. பிறகு சார்க். அது ஒரு புரதம். நல்ல நாளில் தன்னையே மடித்துப் பூட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். வெளியிலிருந்து ஒரு தொடுகை, ஒரு சைகை, பூட்டு திறந்துகொள்ளும். உடனே செல்லுக்குள் ஆக்டின் இழைகள் கலைந்து புதிதாக ஓடி ஓர் இடத்தில் கொத்தாகக் கூடும், அங்கே ஒரு கால் முளைக்கும், காலின் நுனியில் சவ்வை அறுக்கிற என்சைம்கள் வந்து நிற்கும். வீட்டைத் தாங்குகிற அதே விட்டமும் தூணும்தான், கன்னக்கோலாக மாறிவிடும். இதில் ஆகக் கேடுகெட்டது இன்னொன்று. ஆரம்பத்தில் வளராதே வளராதே என்று செல்லை அடக்கிவைக்கிற ஒரு சைகைப் புரதம், நோய் முற்றினதும் கட்சி மாறி, கிளம்பு கிளம்பு என்று தூண்டிவிடும். காவல் காத்த வாயாலேயே. வேலியே பயிரை மேய்கிற கதை. அக்கம்பக்கத்து நல்ல செல்களும் ஒத்தாசைதான், சுற்றியுள்ள நார்களை இழுத்துக் கட்டிப் பாதை போட்டுக்கொடுக்கும். அவளைச் சுற்றி இப்போது யார் யார் பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்? ஆபரேஷன் செய்த டாக்டர், நாளை பாத்துக்கலாம்மா என்றார். அந்த 'ம்மா' புதிது. இதுவரை 'மேடம்'தான். மேடம் எப்போது அம்மா ஆனாள்? முந்தாநாள் சென்னியப்பன் முல்லைப்பூ வாங்கிவந்தார். பூக்காரி கையில் திணித்துவிட்டாளாம். அவர் போனைத் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வைக்கிறார். பாத்ரூமுக்கும் எடுத்துப் போகிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் பேயே இல்லாத ஊரிலா அரண்டாள்? சென்னியப்பனின் அண்ணி மயிலாத்தாக்காவுக்குத் தொண்டையில் வந்தபோது குடும்பமே கூடி அல்சர் என்றது. ஆஸ்பத்திரி பைலின் அட்டையில் பெரிய எழுத்தில் புற்றுநோய்ப் பிரிவு என்று அச்சடித்திருந்தது. சென்னியப்பன்தான் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவது போல அதற்குப் பிரவுன் ஷீட்டில் அட்டை போட்டார். மடிப்பு பிசகாமல், ஓரம் நறுக்கி, அத்தனை நேர்த்தியாக. லேத்காரர் கை. அக்கா அந்தப் பைலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். கடைசியில் ஒருநாள் பூங்கோதையிடம் மட்டும் சொன்னாள்: 'எல்லாரும் எங்கிட்ட நல்லபடியா பேச ஆரம்பிச்சாங்க பாரு, அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு அம்மணி.' இன்று காலையில் சென்னியப்பன் வண்டியின் பக்கவாட்டுப் பையில் பழுப்பாக ஒரு சுருள் நீட்டிக்கொண்டிருந்தது. பிரவுன் ஷீட். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதமென்றால் சரி. மார்ச் மாதத்தில், பிளஸ் டூ பரீட்சை பாதி முடிந்த வீட்டில், எந்தப் புத்தகத்துக்கு அட்டை?

பட்டறைக்காகவும் இருக்கலாம். ஏதாவது சாமான் சுற்ற. பட்டறையில் பழைய பேப்பர் கிலோ கணக்கில் கிடக்கிறது. இருந்தாலும் இருக்கலாம். மிருதுளா காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே, அம்மா, செல் சுவருக்கும் செல் சவ்வுக்கும் ஒரு வித்தியாசம் சொல்லு என்றாள். வெள்ளிக்கிழமை உயிரியல், அதோடு பரீட்சை முடிகிறது. மனிதருக்குச் செல் சுவர் கிடையாது, சவ்வு மட்டும்தான் என்று பூங்கோதை சொன்னாள். சென்னியப்பன் தட்டைவிட்டுத் தலை நிமிரவே இல்லை. தலை நிமிராததும் ஒரு சைகைதான். குழந்தைக்குத் தெரியுமா? அவளும் கூட்டா? சே, பெற்ற பிள்ளையைச் சந்தேகப்படுகிற அளவுக்கு வந்தாயிற்று. பயமாக இருந்தது. நோயை நினைத்து ஒரு பங்கென்றால், இந்த வீட்டில் இனிமேல் யார் சிரித்தாலும் பல்லுக்குப் பின்னால் எட்டிப்பார்க்க வேண்டியிருக்குமே என்பதில் மூன்று பங்கு. வலியை யாரும் பங்குபோட முடியாது, வாஸ்தவம்தான். தெரிவதைக்கூடவா பங்கு தர மாட்டார்கள்? அவள் உடம்பில் நடந்ததை அவளைத் தவிர எல்லாரும் தெரிந்துகொண்டு பூ வாங்கித் தருவார்களா? கோபத்தில் தையல் மறுபடி இழுத்தது. திரையைப் பார்த்தாள். ஓரத்துச் செல்லைக் காணவில்லை. பின்வாங்கி நின்ற நாலைந்தில் அது எது என்று அடையாளம் தெரியவில்லை. சவ்வுக்குக் கீழே புதிதாக ஒன்று மினுங்கியது, அது இதுதானா, வேறா? பதிவைப் பின்னோக்கி ஓட்டினால் தெரிந்துவிடும். கை பொத்தான்வரை போய் நின்றது. எழுந்துகொண்டாள்.

முற்றம் முழுக்க வெயில். வாட்ச்மேன் வணக்கம் வைத்தார். தினமும் வைக்கிறவர்தான், இன்று கையைக் கொஞ்சம் அதிக நேரம் நெற்றியில் வைத்தாரோ என்று தோன்றி, அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பேத்தாலஜியின் படியிலேயே பார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. வெளி பெஞ்சில் ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா போல ஒருத்தி வாயை முந்தானையால் பொத்தியிருந்தாள். இவர்களைத் தாண்டிப் போக ஊழியர் அட்டை இருக்கிறது என்பது பூங்கோதைக்கு என்றைக்கும் இல்லாமல் இன்று சங்கடமாக இருந்தது.

ரெஜினா மைக்ராஸ்கோப்பின் முன்னால் இருந்தாள். பார்த்ததும் எழுந்துவிட்டாள். எழுகிற பழக்கம் கிடையாது.

"வாங்கக்கா! நானே வரணும்னு இருந்தேன்."

"எதுக்கு?"

"சொல்லத்தான். நல்ல சேதிதான்க்கா. தாண்டல. எல்லாம் குழாய்க்குள்ளயே இருக்கு."

இந்த வார்த்தைக்காகத்தானே பூங்கோதை காத்திருந்தாள், வந்ததும் உடம்பு தளர வேண்டாமா? தளரவில்லை. "நேத்து ரெண்டு நாள் ஆகும்னயே?" என்றாள்.

"சாயம் சீக்கிரம் வந்துருச்சு."

"நான் பாக்கறேன்."

ரெஜினா ஒரு விநாடி தயங்கினாளா, இல்லை, நாற்காலியை நகர்த்தத்தான் நேரமெடுத்துக்கொண்டாளா? ஒரு தட்டிலிருந்து ஸ்லைடைப் பொறுக்கி எடுத்து வைத்தாள். லேபிள் இருக்கிற ஓரத்தை அவள் கட்டைவிரல் மறைத்திருந்தது. "இங்க பாருங்க, நடுவுல. சவ்வு எவ்வளவு அழகா இருக்கு பாருங்க."

அழகாகத்தான் இருந்தது. குழாயை அடைத்துக்கொண்டு கோணல் மாணலான செல்கள், நெரிசல், அழுக்கு, அட்டூழியம். சுற்றிலும் மெல்லிய கோடாகச் சவ்வு, ஓரிடத்திலும் அறாமல். பூங்கோதைக்குக் கண்ணில் நீர் முட்டியது. தாண்டவில்லை. தாண்டவில்லை கழுதைகளா. மிருதுளா காலேஜுக்குப் போவாள், நான் பார்ப்பேன். மதியம் முழுக்கப் புருஷனைச் சந்தேகப்பட்டேனே பாவி, பூ வாங்கித் தந்ததற்கு ஒரு மனிதரை இப்படியா? பழக்கதோஷத்தில் விரல் திருகைத் தொட்டு ஸ்லைடை நகர்த்தியது. ஊசிப் பாதை எங்கே என்று கண் தேடியது. அவள் கட்டியில் சோதனைக்காக இரண்டு தடவை ஊசி ஏற்றியிருந்தார்கள். முதல் தடவை வெறும் ரத்தம்தான் வந்தது, மார்பு பத்து நாள் கன்றிக் கிடந்தது. ஊசி போன வழியில் உறைந்த ரத்தத்தைத் தின்ற செல்கள் துருப்பிடித்த நிறத்தில் கிடக்கும். இல்லை. பரவாயில்லை, இது வேறு பக்கத்துச் சீவலாக இருக்கும். ஒரு கட்டியில் எத்தனையோ சீவல் எடுப்பார்கள், எல்லாவற்றிலுமா ஊசி போயிருக்கும்? மதியமெல்லாம் சந்தேகப்பட்ட மனசு இப்போது வக்கீல் வைத்து வாதாடியது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

"அங்க ஒண்ணும் இல்லக்கா, நடுவுல பாருங்க."

ஓரத்தில் நல்ல சதை. நோய் தொடாத சதை. திராட்சைக் கொத்துப் போலச் சின்னச் சின்னப் பைகள், ஒவ்வொன்றும் விரிந்து ததும்பி, உள்ளே பால் துளிகள் நின்ற வட்ட வட்டமான வெற்றிடங்கள். பால் சுரந்துகொண்டிருக்கிற மார்பு. கொடுத்துக்கொண்டிருக்கிற மார்பு. மிருதுளாவுக்குப் பதினேழு வயது. பூங்கோதையின் மார்பில் பால் வற்றிப் பதினைந்து வருஷமாகிறது.

அவள் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரெஜினாவின் மேல் கோபம் வரவில்லை. சவ்வை மட்டுமே பார்த்துப் பார்த்துப் பழகிய கண். சவ்வு முழுசாக இருக்கிற ஸ்லைடாகத் தேடி எடுத்தவளுக்கு, அது யாருடைய மார்பு என்று பார்க்கத் தோன்றவில்லை. பூங்கோதையாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பாள். வெளியே குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது.

"இந்தப் புள்ளைக்குச் சொல்லிட்டியா ரெஜினா?" என்றாள், கண்ணை எடுக்காமலே.

"எந்தப் புள்ளக்கா?"

"இதுக்குச் சொந்தக்காரி. கைக்குழந்தைக்காரி. வெளிய பெஞ்சுல ஒருத்தி உக்காந்திருக்கா, அவதானான்னு தெரியல. அவளாயிருந்தா உசிரைக் கையில புடிச்சுட்டு உக்காந்திருக்கா. தாண்டலைன்னு அவகிட்டப் போய்ச் சொல்லு."

ரெஜினா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். பேச்சு அழுகையாக வந்தது. "அண்ணன்தான்க்கா. நேத்து வந்து இந்த ஸ்டூல்லதான் உக்காந்திருந்தாரு. பாப்பா பரிச்சை முடியட்டும், வெள்ளிக்கிழமை வரைக்கும் உங்களுக்குத் தெரிய வேண்டாம், உங்க மூஞ்சியப் பாத்தாலே புள்ளைக்குத் தெரிஞ்சுரும்னு கையெடுத்துக் கும்பிட்டாருக்கா. நான் என்ன பண்ணுவேன்? நீங்க ஸ்லைடைக் கேப்பீங்கன்னு தெரியும். அதான்…"

"செரி, விடு. மொதல்ல அவளுக்குச் சொல்லு. பொறகு என்னுதை எடு."

ரெஜினா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். கதவு பாதி திறந்திருந்தது. பேச்சு கேட்கவில்லை, ஆனால் கொஞ்சம் கழித்து ஒரு பெண்ணின் குரல் 'ஐயோ சாமி' என்றது, அழுகிற ஐயோ அல்ல. அந்தக் குரலைக் கேட்டுப் பூங்கோதைக்குச் சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

அவளுடைய ஸ்லைடு தட்டில் இல்லை. மேஜை இழுப்பறையில், கைக்குட்டைக்கு அடியில் இருந்தது. உள்ளே வந்த ரெஜினா அதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். பூங்கோதை குனிந்தாள். துரு நிறத்தில் ஊசிப் பாதை உடனே கண்ணில் பட்டது. செல்களை ஊசியே அந்தப் பக்கம் தள்ளிவிட்டிருக்குமோ என்று கடைசி வக்கீல் எழுந்து நின்றான். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் இவை ஊசிப் பாதையில் இல்லை. அதற்கு வெகு தூரத்தில், சவ்வு அறுந்த இடத்திலிருந்து, ஒன்றன் பின் ஒன்றாக, நார்களை விலக்கிக்கொண்டு, சொந்தக் காலில் நடந்து போயிருந்தன. தாண்டியிருந்தன. எத்தனை ஆயிரம் தடவை பார்த்த காட்சி. கண்ணாடியில் மூச்சுப் பட்டு மங்கியது, துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். பயம் போகவில்லை. ஆனால் மதியத்திலிருந்து அரித்த அந்த இன்னொன்று, பல்லுக்குப் பின்னால் எட்டிப்பார்க்கிற அது, நின்றுவிட்டது. இதுகளாவது அவளிடம் எதையும் மறைக்கவில்லை.

போன் அடித்தது. சென்னியப்பன். ரெஜினா திடுக்கிட்டுத் திரும்பினாள். பூங்கோதை அவளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

"ரெஜினா ஏதாச்சும் சொன்னாங்களா அம்மணி?" பின்னணியில் லேத் சத்தமே இல்லை. பட்டறையை நிறுத்திவிட்டு நிற்கிறார்.

"சொன்னாங்க. தாண்டலையாமா. எல்லாம் உள்ளயேதான் இருக்குதாமா. நானே ஸ்லைடைப் பாத்துட்டனுங்க."

"நாந்தான் அப்பவே சொன்னனில்ல" என்றார். குரல் நடுவில் உடைந்தது. தான் போட்ட பொய் பலித்ததென்று உடைகிறாரா, இவள் போடுகிற பொய்யைக் கண்டுகொண்டு உடைகிறாரா? பெண்டாட்டியின் குரல் தெரியாத ஆளா அவர்? பூங்கோதை காதை அழுத்தி வைத்துக் கேட்டாள். தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை தெரிய வேண்டியதில்லை என்று விட்டுவிட்டாள்.

"இரு, நான் வண்டி எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன். பஸ்ஸுல நிக்க வேண்டாம்."

"ஏனுங்க, பட்டறையப் போட்டுட்டு எதுக்கு வர்றீங்க?" என்றாள் பூங்கோதை. "எனக்கென்ன கேடு, நான் பஸ்ஸுலயே வந்தர்றேன்."